வேப்பம்பூக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வேம்பு பூப்பது பங்குனி, சித்திரையில். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்குப் பூ கிடைக்காது. பூவுக்காகப் போவதென்றால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும். அதைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்த நாட்களில் எந்தக் கந்தோர் (அலுவலக) வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் எனக்கு 16 நாள் லீவு. பூக்காலத்தில் ஊரில் நின்று 22 வருடமாகிவிட்டது. போன கையோடு காணி அலுவலையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவின் பெயர் காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். "ரெண்டும் ஒரே ஆள் எண்டு சத்தியக்கடதாசி கொண்டு வாங்கோ" என்றார்கள். சமாதான நீதவானைத் தேடிப் பிடித்து, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், கிராம அலுவலரின் கடிதமும் வேண்டுமாம். அதை வாங்கிக்கொண்டு போனால் பொறுப்பானவர் லீவு. அதற்குள் வருடப்பிறப்பு வந்துவிட்டது. ஏப்ரல் 13, 14 இரண்டும் அரச விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் பாதி மேசைகள் வெறுமையாகத்தான் கிடக்கும். திரும்பப் போனபோது, நான் நிரப்பியது பழைய படிவம் என்றார்கள். அந்த விறாந்தையில் ஏழு காலை இருந்தேன். என் அம்மாவை என் அம்மா என்று நிரூபிக்க ஏழு காலை. கடைசி நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி, "எங்கயிருந்து பிள்ளை வந்தனீ?" என்று கேட்டார். கனடா என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

அந்த ஏழும் பூ கொட்டிய காலைகள். வேப்பம்பூவை விடியத்தான் எடுக்க வேண்டும். முதல்நாள் பின்னேரம் முற்றத்தைக் கூட்டி, மரத்துக்குக் கீழே பழைய சேலை ஒன்றை விரித்துவிடுவோம். விடிய எழும்பிப் பார்த்தால் சேலை முழுக்க வெள்ளை. ஐந்து இதழ், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னப் பூ, தேன் மணம். சுளகில் போட்டுப் புடைத்தால் பூ ஒரு பக்கம் வரும், காம்பும் சருகும் ஒதுங்கும். வெயில் ஏறினால் சுருண்டு மண்ணோடு ஒட்டிவிடும். நான் மத்தியானம் கந்தோரால் திரும்பும்போது சித்தி முற்றம் கூட்டி முடித்திருப்பார்.

அப்புறம் பெரியம்மாவின் மகன் ஒரு தாளோடு வந்தார். வேம்பின் வேர் மதிலைத் தூக்குகிறதாம், மரத்தைத் தறிக்க நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளின் கீழ்ப்பாதியில் என் பங்கை அவருக்கு விடுவதாகவும் எழுதியிருந்தது. சாப்பாட்டு மேசையில் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும். பங்குக்காணியில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் போடவில்லை. "நீ போயிடுவாய். ஆர் இஞ்ச இருந்து சருகு கூட்டுறது?" என்று அண்ணா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. கூட்டுவது சித்திதான், 70 வயதில், குனிந்து.

வெளிக்கிடும் நாள் சித்தி ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். வேப்பம்பூ வடகம். உழுந்தை ஊறவைத்து அரைத்து, செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, பூ எல்லாம் சேர்த்துத் தட்டி, தட்டினால் சத்தம் கேட்கும் வரை வெயிலில் காயவைத்தது. "நீ கந்தோரில நிண்ட நாளெல்லாம் பொறுக்கினது" என்றார்.

கனடாவுக்குள் எந்தச் சாப்பாட்டுச் சாமான் கொண்டு வந்தாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். ஒளிக்க வேண்டாம். நான் சொன்னேன், திறந்து பார்த்துவிட்டுத் தந்தார்கள்.

காணிக் கடதாசிகளுக்கு இனித் தை மாதத்தில் தனியாகப் போவேன். பங்குனியில் போகும்போது ஒரு பழைய சேலை மட்டும் கொண்டுபோவதாக இருக்கிறேன். சித்தியிடம் இருந்தது கிழிந்துவிட்டது.