ஜப்பானில் ராமென் கடைக்குப் போகிறவர்களுக்கு

ஜப்பானில், சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ‘ராமென்’ கடை ஒன்றுக்குள் நுழைபவர் வாய் திறந்து பேச வேண்டியது மிகக் குறைவு. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பது தெரியாவிட்டால், எட்டுப் பத்து இருக்கைகள் மட்டுமே கொண்ட அந்தச் சிறிய இடத்தில், பின்னால் நிற்பவர்களின் பொறுமையைச் சோதித்தபடி விழித்துக்கொண்டு நிற்க நேரிடும். மொழி தெரியாமல் அங்கே சமாளித்துவிடலாம். முறை தெரியாமல் சமாளிப்பது கடினம்.

கடை திறந்திருக்கிறதா என்பதை வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘நோரென்’ எனப்படும் துணித்திரை வாசலுக்கு மேல் தொங்கினால் கடை நடக்கிறது என்று பொருள். அதைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது, அல்லது இன்னும் தொடங்கவில்லை. பல கடைகள் மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் சில மணி நேரம் மூடப்படும். அன்றைக்குக் காய்ச்சிய சூப் தீர்ந்துவிட்டால், பலகையில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே மூடிவிடும் கடைகளும் உண்டு. மதியம் 12 மணியிலிருந்து 1 மணி வரை அலுவலக ஊழியர்களின் கூட்டம் நெரியும் என்பதால், 11 மணிக்குக் கடை திறக்கும்போதே போய்விடுவது நல்லது. நான்கு பேராகப் போகிறவர்கள், ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்ற மூவரும் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. பின்னால் நிற்பவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள் என்றாலும் அது அங்கே மரியாதைக் குறைவான செயல். நால்வருக்கும் அடுத்தடுத்த இருக்கை கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான கடைகளில் கதவை ஒட்டியே டோக்கன் இயந்திரம் நிற்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும். போட்ட தொகைக்குள் வாங்கக்கூடியவற்றின் பொத்தான்களில் மட்டும் விளக்கு எரியும். சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறியோ இரண்டு எழுத்துகளோ ஒளிர்ந்தால் அந்த வகை தீர்ந்துவிட்டது என்று அறியலாம். எழுத்துகள் ஒன்றும் புரியாதவருக்கு ஒரு வழி உண்டு: மேல் வரிசையில் இடது ஓரத்தில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பெயர்பெற்ற ராமெனாகவே இருக்கும். கீழ் வரிசைகளில் இருக்கும் சிறிய, விலை குறைந்த பொத்தான்கள் கூடுதல் முட்டை, கூடுதல் இறைச்சி, சோறு போன்றவற்றுக்கானவை. இதை அறியாமல் என் முதல் பயணத்தில் மலிவாக இருக்கிறதே என்று ஒரு பொத்தானை அழுத்தி, வந்த டோக்கனைப் பெருமையுடன் நீட்டினேன். சமையற்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிகுந்த பணிவுடன் இயந்திரத்தின் பக்கம் கையைக் காட்டினார். நான் வாங்கியிருந்தது சோயா சாஸில் ஊறவைத்த ஒற்றை முட்டைக்கான டோக்கன்.

பணத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய இயந்திரங்கள் பலவும் நாணயங்களையும் 1000 யென் தாளையும் மட்டுமே ஏற்கும். விமான நிலையத்தில் மாற்றிய 10,000 யென் தாளை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. 2024 ஜூலையில் புதிய தாள்கள் வெளிவந்தபோது, அவற்றை அடையாளம் காணும்படி இயந்திரத்தை மாற்றுவதற்கான செலவு சிறு கடைக்காரர்களுக்குப் பெரிய சுமையாக இருந்தது. ராமெனுக்கு 1000 யென்னுக்கு மேல் விலை வைத்தால் வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சத்தை அந்தத் தொழிலில் ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே சொல்வார்கள். அத்தனை குறைந்த லாபத்தில் நடப்பவை அந்தக் கடைகள். ஆகவே அருகிலுள்ள பலசரக்குக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை மாற்றிக்கொண்டு போவது உத்தமம்.

அடுத்து, எந்த ராமென் என்ற கேள்வி. ஷோயு, ஷியோ, மிசோ, டொன்கொட்சு என்று நான்கு வகையாகச் சொல்வது வழக்கம். இந்தப் பட்டியலிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. ஷோயு என்பது சோயா சாஸ், ஷியோ என்பது உப்பு, மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. இவை மூன்றும் கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படும் ‘தாரே’ என்னும் சுவைக் கலவையைக் குறிப்பவை. டொன்கொட்சு என்பதோ சூப்பின் பெயர்: பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட, கொழுப்பும் எலும்பின் சாரமும் நீரில் கலந்து பால்போல் வெளுத்துப்போகும். அது கியூஷு தீவின் ஃபுகுவோகா பகுதிக்கு உரியது. மிசோ ராமென் வடக்கே பனி கொட்டும் சப்போரோவில் பிறந்தது. நூடுல்ஸின் மஞ்சள் நிறத்துக்கு முட்டைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கன்சுயி’ எனப்படும் காரத்தன்மை (ஆல்கலி) கொண்ட நீரைச் சேர்த்துப் பிசைவதால்தான் மைதாவுக்கு அந்த நிறமும் இழுவையும் வருகின்றன.

சைவ உணவுக்காரர்களும் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்களும் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மேலே வைக்கும் ‘சாஷு’ என்னும் பன்றி இறைச்சித் துண்டுகளை எடுத்துவிடச் சொன்னால் போதும் என்று எண்ணுவது தவறு. தெளிவாகத் தெரியும் ஷோயு ராமெனின் சூப்கூடக் கோழி, பன்றி எலும்புகளிலோ உலர்ந்த நெத்திலி போன்ற மீனிலோ காய்ச்சியதாகவே பெரும்பாலும் இருக்கும். காய்கறி ராமென் என்று பெயர் போட்டிருந்தாலும் காய்கறி மேலேதான் இருக்கும், கீழே இருப்பது எலும்புச் சாறு. “இறைச்சி இல்லாமல்” என்று கேட்டால் துண்டுகளை மட்டும் நீக்கித் தருவார்கள்; மீன் சாற்றைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே சாதாரணக் கடையில் போய்க் கெஞ்சுவதைவிட, முழுக்கத் தாவர உணவு தரும் கடைகளைத் தேடிப் போவதே வழி. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் டான்டான் என்ற கடையில் எள்ளும் மிளகாயும் சேர்ந்த ‘தான்தான்மென்’ வகை, இறைச்சியும் மீனும் பாலும் இல்லாமல் கிடைக்கும். ஹலால் ராமென் கடைகளும் பெருநகரங்களில் உள்ளன.

இருக்கையில் அமர்ந்ததும் டோக்கனை எதிரே உள்ள மேடையில் வைத்துவிட வேண்டும். தண்ணீரைப் பெரும்பாலும் நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். ஃபுகுவோகாவின் ஹகாதா பாணிக் கடைகளில் நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள்: ‘யவா’ என்றால் குழைவு, ‘ஃபுட்சு’ நடுத்தரம், ‘கதா’ சற்று விறைப்பு, ‘பரிகதா’ மிக விறைப்பு. முதல் முறை போகிறவருக்குக் கதாவே பொருத்தம் என்பது என் கருத்து. அந்த மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் கிடக்கக் கிடக்கக் குழைந்துகொண்டே போகும். அதனால்தான் அங்கே முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, தீர்ந்தபின் ‘கயேதமா’ என்று கேட்பவருக்கு மறு நூடுல்ஸ் வேகவைத்து அதே கிண்ணத்தில் போடுகிறார்கள். சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிட்டவர் இந்த இரண்டாம் சுற்றில் வெறும் நூடுல்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நூடுல்ஸும் சூப்பும் தனித்தனியே வந்தால் அது ‘ட்சுகேமென்’. குளிர்ந்த நூடுல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கெட்டியான சூப்பில் தோய்த்து உண்ண வேண்டும். சூப்பை எடுத்து நூடுல்ஸின் மேல் கவிழ்த்துவிடக் கூடாது. கடைசியில் எஞ்சும் உப்புக் கரிக்கும் சூப்பைக் காட்டி ‘சூப்புவாரி’ என்று சொன்னால், சூடான சாற்றை ஊற்றிக் குடிக்கும் பதத்துக்கு இளக்கித் தருவார்கள்.

உறிஞ்சும் ஓசையைப் பற்றி நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. கொதிக்கக் கொதிக்க வரும் நூடுல்ஸைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது அது ஆறவும் செய்கிறது, மணமும் மூக்கை எட்டுகிறது. ஆகவே அங்கே அது குற்றமில்லை. ஓசை வராதவர் வலிந்து எழுப்ப வேண்டியதும் இல்லை. சாப்ஸ்டிக் விஷயத்தில் மட்டும் இரண்டைத் தவிர்க்க வேண்டும். சோற்றில் அவற்றைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து மற்றவர் சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கைமாற்றுவது, தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளை எடுத்து மாற்றிக்கொள்ளும் சடங்கை நினைவூட்டும்.

சூப்பை முழுவதும் குடித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதில் உப்பு மிக அதிகம். சாப்பிட்டு முடித்தபின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான தவறு, ஏனெனில் வெளியே ஒருவர் அந்த இருக்கைக்காகக் குளிரில் நின்றுகொண்டிருப்பார். கிண்ணத்தை மேல்மேடையில் தூக்கி வைத்து, மேசை துடைக்கும் துணி இருந்தால் சிந்தியதைத் துடைத்துவிட்டு எழ வேண்டும். டிப்ஸ் வைக்கும் பழக்கம் கிடையாது. காசு டோக்கனோடு முடிந்துவிட்டது. கதவைத் திறக்கும்போது சமையற்காரரைப் பார்த்து ‘கொச்சிசோசமா தெஷ்தா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொன்னால், கொதிகலனுக்குப் பின்னாலிருந்து உரத்த குரலில் நன்றி வரும்.