கல்லாவில் வந்ததா, கியூஆரில் வந்ததா?

இந்தியாவில் மளிகைக் கடை, ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமலே உத்தேச லாபம் காட்டி வருமான வரி கட்டலாம். ரொக்கமாக வந்த விற்பனையில் 8 சதவீதம் லாபம். யூபிஐ, காசோலை என்று வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம்தான். உதாரணமாக, ஆண்டு விற்பனை 50 லட்சமும் ரொக்கம் என்றால் லாபம் 4 லட்சம். அதில் 40 லட்சம் யூபிஐயில் வந்திருந்தால் 3.20 லட்சம் போதும். உண்மையில் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும்.

பல கடைகளில் கல்லாப் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை, மகன் பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தால், கடைப் பணத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், இந்த உத்தேச லாப முறையில் முன்கூட்டிய வரிக்கு (நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரி) நான்கு தவணை கிடையாது. மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் சரி. இடையில் இதைக் கைவிட்டால் அடுத்த 5 ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது. கமிஷன், ஏஜென்சி தொழிலுக்கு இது பொருந்தாது.