நோவுக்குப் போட்ட குளிசை விடாதபோது, வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்

என் கணவர் 2019இல் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து முதுகில் அடிபட்டார். வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். படி ஏறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார். அப்போது எழுதிக் கொடுத்தது ட்ரமடோல், 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. ஒன்றரை வருடத்தில் அது 16 ஆனது. ட்ரமடோல் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மாமி கடைசி வரை, "அவன் குடிக்கிறானா, கசிப்பா? டொக்டர் தந்த குளிசைதானே" என்றுதான் சொன்னா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ட்ரமடோல், கோடின், மோர்ஃபின் எல்லாம் அபின் இனத்து மருந்துகள். தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிப்போய் அதே அளவு பிடிக்காது, கூட்டிக் கேட்கும். அதற்குக் குணம் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முதுகு நோவே போதும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கண்மணி ஊசித்துளை மாதிரிச் சின்னதாக இருக்கும், இருட்டிலும் விரியாது. மூக்கையும் கையையும் சொறிந்துகொண்டே இருப்பார். மலச்சிக்கல். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தூங்கி விழுவார். ஒரே மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு காலி வீதி நெடுக நாலு பாமசிக்குப் போயிருக்கிறார். வெறும் அட்டைகளை நான் கண்டெடுத்தது அவருடைய கலியாணச் சப்பாத்துக்குள்.

அன்றைக்கு நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். கையில் அகப்பட்ட குளிசை எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். விடிவதற்குள் அவருக்குக் கொட்டாவி, மூக்கால் தண்ணீர், மயிர்க்கூச்செறிவு, வயிற்றோட்டம், சத்தி. காலை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் கட்டிலில் உதைத்துக்கொண்டு கிடந்தார். அடுத்த நாள் இரவு எப்படியோ வாங்கி வந்து ஒரே தரத்தில் நிறையப் போட்டார். குளியலறையில் வலிப்பு வந்தது. ட்ரமடோல் அளவு மீறினால் வலிப்பு வரும். மாமி ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தா. சாவியும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம். தலை அடிபடாமல் பார்த்து, ஒரு பக்கமாகச் சரித்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

குளிசையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. எவ்வளவு போடுகிறார் என்ற உண்மையான கணக்கோடு வைத்தியரிடம் போய், அவர் சொல்லும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு ஏழு மாதம் எடுத்தது. அந்த நாட்களில் கிழமைக்கான குளிசை என் அலுமாரியில் பூட்டில் இருந்தது. அவர் ஒத்துக்கொண்டதால்தான் பூட்டினேன். ஒத்துக்கொள்ளாத மனிசனிடம் பூட்டுப் போட்டால் ஒளிக்கும் இடம்தான் மாறும். கோடினோடு பரசிட்டமோல் சேர்ந்த குளிசை என்றால் இன்னும் கவனம். நோவுக்கு என்று எண்ணி எண்ணிப் போடும்போது பரசிட்டமோலும் கூடிப்போய் ஈரலைக் கெடுக்கும்.

நான் மாதக்கணக்காக எண்ணியது குளிசைகளைத்தான். எண்ண வேண்டியது மூச்சை. தூங்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் மூச்சு வர வேண்டும். பத்துக்குக் கீழே போனால், உதடு நீலம் பாய்ந்தால், குறட்டை தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் கரகரத்தால், உலுக்கியும் எழும்பாவிட்டால், "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். அம்புலன்சைக் கூப்பிட்டு ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் கொண்டுபோங்கள். மூச்சைத் திருப்பிக் கொண்டுவர மருத்துவமனையில் நலோக்சோன் என்ற மருந்து உண்டு. மானம் போகும் என்று "ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால் அந்த மருந்தைப் போட நேரம் போய்விடும். சாராயம், நித்திரைக் குளிசை, நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரேகபலின், இவற்றில் எதுவும் இதோடு சேர்ந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் அடங்கும்.

கதைப்பதற்கு நேரம் பாருங்கள். குளிசை ஏறி மயங்கிக் கிடக்கும்போதும் பயன் இல்லை, அது கேட்டு உடம்பு நடுங்கும்போதும் பயன் இல்லை. எங்கள் வீட்டில் நல்ல நேரம் காலை ஒன்பது மணி, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு. "நீங்கள் ஒரு பொய்யர்" என்று தொடங்கிய நாட்கள் எல்லாம் கதவு அடித்துச் சாத்துவதில் முடிந்தன. ஒரு நாள் கண்ணால் கண்டதை மட்டும் சொன்னேன்: "இஞ்சாருங்கோ, நேற்று இரவு நீங்கள் கோப்பைக்கு முன்னால் தூங்கி விழுந்ததைப் பிள்ளை பார்த்தவள். அப்பா செத்துப்போவாரோ என்று என்னட்டக் கேட்டவள். எனக்குப் பயமாக இருக்கு. நான் கூட வாறன், டொக்டரிட்டப் போவம்." அவர் பதில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, "எந்த டொக்டர்?" என்று கேட்டார்.

அவருடைய அலுவலகத்துக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்காமல் போனது. அதை நிறுத்தினேன். "அவரிடமே கேளுங்கள்" என்று போனை அவர் கையில் கொடுத்துவிடுவேன். கடன்காரருக்கும் அப்படியே. என் சம்பளம் போகும் கணக்கை வேறாக்கினேன், நகையை அம்மா வீட்டில் வைத்தேன். தாலிக்கொடி ஒரு தரம் அடகுக்குப் போய் வந்தது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. கை நீட்டுகிற வீடு என்றால் இதெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

போக இடம் கொழும்பிலேயே இருக்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. எடுத்தவுடன், தமிழில் கதைக்கிற ஒருவர் வேண்டும் என்று சொல்லுங்கள், சிங்களத்தில் தடுமாறிப் பாதிக் கதை சொல்ல வேண்டாம். சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர, போதைப் பழக்கத்தில் சிக்கியவரோடு அவருடைய வீட்டாரையும் இருத்திக் கதைக்கும் இடம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். நான் தனியாகத்தான் ஆலோசனைக்கு முதலில் போனேன். இரண்டு வருடத்தில் முதல் தரமாக என்னிடம் ஒருவர், "நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா?" என்று கேட்டார்.

பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் நான் அதிகம் தவித்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பாவுக்கு மருந்தாலேயே ஒரு வருத்தம் வந்திருக்கு, அது உன்னால் வந்தது இல்லை, டொக்டர் பார்க்கிறார்" என்றேன். அப்பா எழும்பாவிட்டால் 1990க்கு அடிக்கவும், எதிர்வீட்டு அன்ரியைக் கூப்பிடவும் பழக்கினேன். அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்ததே என்று அன்றிரவு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவின் கட்டிலடியில் படுப்பதை விட்டாள்.

விட்ட பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. சில கிழமை போடாமல் இருந்தால் உடம்பு பழக்கம் மறந்துவிடும். பழைய 16ஐ அதற்குப் பிறகு போட்டால் அதுவே உயிரை எடுக்கும். என் கணவர் ஒரு தரம் சறுக்கினார். அன்றைக்கு நான் சண்டை போடவில்லை, பக்கத்தில் கதிரை போட்டு விடியும்வரை மூச்சை எண்ணினேன், காலையில் இருவரும் கிளினிக்குக்குப் போனோம்.

அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்: "ட்ரமடோல், கோடின் கொடுக்க வேண்டாம்." எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுவோம். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது, நான் பையைத் திறப்பதற்குள் அவரே கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.