ஹேண்டில்பார் மாற்றியதும் ஐடிலிங் ஏறியது – என் அனுபவம்

என் பைக்கின் பழைய ஹேண்டில்பார் வளைந்துவிட்டதால் 22 மி.மீ. விட்டமுள்ள புதியது போட்டேன். உயரம் மட்டும் 40 மி.மீ. கூடுதல். நேராக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் இன்ஜின் தானாக ரேஸ் ஆனது. யூ-டர்னில் இது ஆபத்து.

ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, சரிசெய்யும் ஸ்க்ரூவைக் குறைத்தேன்; சிக்னலில் வண்டி அணைந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அதே அளவில் புது ஆக்சிலேட்டர் கேபிளும் மாட்டினேன். மூன்று நாள் வீண்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பியபோதுதான் பிடிபட்டது. கடைசி இரண்டு விரற்கடையில் கேபிளின் வெளியுறை விறைத்து, அட்ஜஸ்டர் (கேபிளின் தளர்வைச் சரிசெய்யும் திருகு) குழியிலிருந்து மயிரிழை அளவு வெளியே வந்தது. உறை நகர்ந்தால் உள்கம்பி இழுபடும். ஆக்சிலேட்டர் பிடியை முறுக்கியதற்குச் சமம்.

டேங்கைக் கழற்றி, ஃபோர்க்குக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்) வெளியே சுற்றி வந்த கேபிளை இரண்டு ஃபோர்க்குக்கும் நடுவே கொண்டுபோனேன். அடியில் இறுக்கியிருந்த கேபிள் டையையும் (கட்டும் பட்டை) தளர்த்தினேன். பிடியில் 2–3 மி.மீ. ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் பிடி சும்மா சுழலும் இடைவெளி) வைத்து, இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன், ஐடிலிங் அசையவில்லை. இதற்கும் மேல் உயரமான பார் என்றால் நீளமான கேபிள்தான் வழி.

இன்னொன்று: ஹேண்டில்பாரில் மாட்டும் ஸ்விட்ச் பெட்டிக்குள், அது சுழலாமல் பிடிக்கச் சின்ன முளை இருக்கும். புது பாரில் அதற்குத் துளை இல்லையென்றால் முளையை ராவிவிடாதீர்கள், பெட்டி சுழன்று ஒயரை அறுக்கும். முளையின் தடிமனை அளந்து, இடத்தைக் குறித்து, பாரில் துளை போடுங்கள்.