மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், சென்னையில் மூக்கடைப்பு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஊட்டிக்குச் சென்று திரும்புவோர் தவறாமல் வாங்கிவரும் நீலகிரித் தைலம் அப்போது கைகொடுக்கும். யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கப்படும் இத்தைலத்தில் மிகுந்துள்ள சினியோல் என்னும் பொருளே அதன் நெடிக்கும், மூக்கு திறந்துகொண்டதைப் போன்ற குளிர்ந்த உணர்வுக்கும் காரணம்.

ஆவி பிடிப்பதற்கு, கொதித்த நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, ஆடாத மேசைமீது வைத்து, ஓரிரு நிமிடம் சூடு தணிந்த பின் 2 அல்லது 3 சொட்டுத் தைலம் விட வேண்டும். கண்களை மூடிக்கொண்டு, முகத்தை ஒரு சாணுக்கு மேல் தள்ளி வைத்து, 5 நிமிடம் மூக்கால் மெல்ல மூச்சிழுக்கலாம். தைலம் கூடினால் கண் எரியுமே தவிர, பலன் கூடாது. வெந்நீர் கவிழ்ந்து உடல் வெந்துபோவதே இம்முறையின் பெரிய ஆபத்து என்பதால், மடியிலோ கட்டிலிலோ பாத்திரத்தை வைக்கவே கூடாது. சிறுவர்களுக்கு இம்முறை வேண்டாம் என்பதே என் கருத்து.

அலுவலகம் செல்வோருக்குக் கைக்குட்டையில் ஒரு சொட்டு போதும். நெஞ்சில் தடவுவதாயின், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு கலந்துகொள்ள வேண்டும், மூக்கினுள் விடலாகாது. கைக்குழந்தைகளுக்குத் தடவக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், புட்டியை அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அடைப்பு 10 நாளைத் தாண்டினாலோ, காய்ச்சலும் முகவலியும் சேர்ந்துகொண்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.