கால்குலஸ்ல தடுமாறுற பசங்களுக்கு ரெமிடியல் கிளாஸ் போடாதீங்க

அமெரிக்காவுல காலேஜ் முதல் வருஷ கால்குலஸ்ல (நுண்கணிதம்) கருப்பின பசங்க, லத்தினோ பசங்க நிறைய பேர் பாதியிலயே கழண்டுக்கறாங்கன்னு பேச்சு வந்தா உடனே ஒரு ரெமிடியல் கிளாஸ், அதாவது பின்தங்கினவங்களுக்குன்னு தனி வகுப்பு, போட்டுடறாங்க. நீங்க டிஏவாவோ (டீச்சிங் அசிஸ்டண்ட், பேராசிரியருக்கு உதவியா பாடம் நடத்தறவர்) வாலன்டியராவோ உதவலாம்னு நினைச்சா அத மட்டும் செய்யாதீங்க.

1970கள்ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி ட்ரைஸ்மன்னு ஒரு கணக்கு ஆராய்ச்சி மாணவர் 20 கருப்பின மாணவர்கள், 20 சீன மாணவர்கள் எப்படித்தான் படிக்கறாங்கன்னு கூடவே சுத்திப் பார்த்தாரு. பேசிக் வீக்கு, ஆர்வம் இல்ல, வீட்டுல அக்கறை இல்லன்னு ஆளாளுக்கு சொன்ன காரணம் எதுவும் நிக்கல. கருப்பின பசங்க ஒழுங்காதான் படிச்சாங்க, ஆனா தனியா. சீனப் பசங்க தனியாவும் படிச்சுட்டு அப்புறம் ஒண்ணா உக்காந்து விடைய ஒப்பிட்டுப் பார்த்து ஒருத்தன் தப்ப இன்னொருத்தன் புடிச்சான், அதனால எங்க தப்பு பண்றோம்னு பரீட்சைக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு.

சரி, நீங்க என்ன செய்யணும்? பசங்க ஒண்ணா உக்காந்து கணக்கு போடற கூட்டமா நடத்துங்க. முதல்ல அதோட பேர மாத்துங்க. 'வீக் ஸ்டூடண்ட்ஸ்'னு போஸ்டர் ஒட்டினா, ஸ்கூல்ல முதல் ரேங்க் வாங்கிட்டு வந்த பொண்ணு அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காது. ட்ரைஸ்மன் இந்த மாதிரி கூட்டத்த ஹானர்ஸ் ப்ரோக்ராம்னுதான் (நல்லா படிக்கறவங்களுக்கானது) நடத்தினாரு. வாரம் ரெண்டு நாள், ரெண்டு ரெண்டு மணி நேரம், நாலஞ்சு பேரா ஒரு மேஜை, ஒரு ஒர்க்‌ஷீட், அவ்ளோதான் செட்டப்பு.

உயிரே அந்த ஒர்க்‌ஷீட்லதான் இருக்கு. புக்ல இருக்கற கணக்க காப்பி பண்ணாதீங்க, தனியா போட்டா முடியாத மாதிரி இருக்கணும். உதாரணத்துக்கு: "க்ராஃப் எங்கயும் உடையக்கூடாது, ஆனா ஒரு புள்ளில டெரிவேட்டிவ் (அந்தப் புள்ளில கோட்டோட சாய்வு) இருக்கக்கூடாது, மூணு விதமா வரைஞ்சு காட்டு." முதல்ல எல்லாரும் 'வி' வடிவத்த வரைவாங்க. அப்புறம் அமைதி. ஒருத்தி ரெண்டு வளைவு மேல வந்து கூரா முட்டற மாதிரி வரைவா, இன்னொருத்தன் இதுவும் அதே 'வி' தானேன்னு சண்டைக்கு வருவான். மூணாவது இருக்கே, முனையே இல்லாம வழவழன்னு போற கோடு ஒரு எடத்துல மட்டும் செங்குத்தா நிக்கிறது, அது வர்றதுக்கு இருபது நிமிஷம் கூட ஆகும். நம்ம கை பரபரக்கும், போர்டுல போட்டுக் காட்டிடலாம்னு. கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. மாட்டிக்கிட்டாங்கன்னா "அந்த எடத்துல சாய்வு எவ்ளோ?"ன்னு மட்டும் கேட்டுட்டு அடுத்த மேஜைக்கு போயிடுங்க.

சின்ன கிளாஸ் பசங்கன்னா பாப் மோசஸ் வழி நல்லா ஒத்துவரும். மிசிசிப்பில கருப்பின மக்களுக்கு ஓட்டுரிமைக்காக போராடின அதே மனுஷன்தான், 1982ல ஸ்கூல் பசங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கற அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாரு. மைனஸ் நம்பர் புரியலன்னா பசங்கள ரயில்ல கூட்டிட்டுப் போனாரு, எத்தன ஸ்டேஷன், எந்தப் பக்கம்னு அவங்களே பேசி, எழுதி, அப்புறம்தான் குறியீடு.

ஒரு விஷயம், கூட்டத்த முழுக்க ஒரே இனமா வைக்காதீங்க, எல்லாருக்கும் கதவு திறந்தே இருக்கட்டும். ஆனா ஒரு மேஜைல ஒரே ஒரு கருப்பினப் பையன தனியா உக்கார வைக்காதீங்க, திரும்பவும் வாயே திறக்காம தனியா போட ஆரம்பிச்சுடுவான்.