டிஐ-84 கணிகருவியில் நிகழ்தகவுப் பரம்பல்: பிழை வரும் இடங்கள்

செகண்ட், வார்ஸ் என்று அடுத்தடுத்து அழுத்தினால் பரம்பல் பட்டியல் திறக்கும். அதில் முதலிரண்டு வரிகளான நோர்மல்பிடிஎஃப், நோர்மல்சிடிஎஃப் ஆகியவற்றை மாற்றி எடுப்பதுதான் முதற்பிழை. திருகோணமலையில் கரையிறங்கும் சூரை மீனின் நிறை செவ்வன் பரம்பலில் இருக்கிறது, இடை 2 கிலோ, நியம விலகல் 0.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நோர்மல்பிடிஎஃப்பில் 2, 2, 0.2 கொடுத்தால் 1.995 வரும். நிகழ்தகவு 1ஐத் தாண்டாதே! வந்தது வளையியின் உயரம். நிகழ்தகவு என்பது வளையியின் கீழுள்ள பரப்பு. அதைத் தருவது சிடிஎஃப்.

2.25 கிலோவுக்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவுக்குக் கீழெல்லை 2.25, மேலெல்லை 1இஇ99 (முடிவிலிக்குப் பதிலாக இடும் மிகப் பெரிய எண், 10இன் 99ஆம் அடுக்கு), பிறகு 2, 0.2. விடை 0.1056. வினாவில் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 0.04 என்று தந்திருந்தால் வர்க்கமூலம் எடுத்தே இடுங்கள். 0.04ஐ அப்படியே இட்டால் விடை ஏறத்தாழ 0 ஆகிவிடும், கருவி எந்த எச்சரிக்கையும் தராது. கீழெல்லை −1இஇ99 ஆனால் அடைப்புக்குள் இருக்கும் எதிர்க்குறி விசையையே அழுத்த வேண்டும். கழித்தல் விசை தொடரமைப்புப் பிழையில் முடியும்.

மிகப் பாரமான 10% மீனின் எல்லை நிறை கேட்டால், பரப்பைக் கொடுத்துப் பெறுமானத்தைக் காணும் இன்வ்நோர்மில் 0.1 அல்ல, 0.9 இடுங்கள். அது இயல்பாக இடப்பக்கப் பரப்பையே எடுத்துக்கொள்ளும். சரியான விடை 2.256 கிலோ; 0.1 இட்டால் 1.744 வரும்.

புள்ளிகள் அதிகம் பறிபோவது ஈருறுப்புப் பரம்பலில். 20 முயற்சி, வெற்றி நிகழ்தகவு 0.3, "குறைந்தது 8" என்றால் 8உம் வேண்டும். ஆகவே 1இலிருந்து கழிக்க வேண்டியது பைனோம்சிடிஎஃப் 20, 0.3, 7 (0 முதல் 7 வரையான வெற்றிகளின் மொத்த நிகழ்தகவு). விடை 0.2277. 7க்குப் பதில் 8 இட்டால் 0.1133, ஏறக்குறையப் பாதி. "8க்கு மேல்" என்றால் மட்டுமே 8. அழுத்துமுன் தேவையான எண்களைத் தாளில் 8, 9, … 20 என்று எழுதிவிடுங்கள்.

ஓர் இடைவெளியில் எத்தனை நிகழ்வுகள் என்று பார்க்கும் பொய்சோன் பரம்பலில் நேர அலகைப் பாருங்கள். கொட்பே துறைமுகத்துக்கு மணிக்குச் சராசரி 3 படகு வருவதாகக் கொண்டால், 20 நிமிடத்துக்குச் சராசரி 1. அந்த இடைவெளியில் ஒன்றும் வராத நிகழ்தகவு 0.3679, 3ஐ இட்டால் 0.0498.

வரைபில் சூரை மீன் நிறையின் வளையி மெல்லிய ஊசிபோலத் தெரிந்தால் விண்டோவில் எக்ஸ் 1.2 முதல் 2.8, வை 0 முதல் 2.2 என மாற்றுங்கள்.